ஏழாம் எண் வீடு கணக்குக்கு அடங்கவில்லை

காற்றே புகாதபடி புதுப்பித்து முடித்திருந்த அக்கா வீட்டுச் சுவரில், தம்பி விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டுவிட்டான். வெப்பத்தை அளக்கும் குட்டிக் கருவியை மாட்டப்போய்த்தான். டிரில்லிங் மெஷின் சுவருக்குள் இருந்த காற்றுத் தடுப்பு உறையையும் கிழித்துக்கொண்டு போக, சுவர் மெல்ல விசிலடித்தது. மேலே ஒரு காலண்டரை மாட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நழுவினான்.

இத்தனைக்கும், அக்கா வீட்டோடு சேர்த்துப் புதுப்பித்த, சுவரோடு சுவர் ஒட்டிய பதினான்கு வீடுகளும் குளிரில் சூடாக இருக்க எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கணினியில் கணித்ததே அவன்தான். திரையில் அந்த வரிசை இளநீல மூட்டத்தில் மிதக்கும். அங்கே ஜன்னல்கள் திறப்பதில்லை. ஆளுக்கு எண்பது வாட் உடல் வெப்பம். தூங்கினாலும் எண்பது, சண்டை போட்டாலும் எண்பது. சில மதியங்களில் நாற்காலியில் சாய்ந்தபடி அந்த அறைகளுக்குள் காற்றைப் போலச் சுற்றிவருவான். 'ஏன்டா இளைச்சுட்ட' என்று கேட்க அங்கே யாரும் இல்லை. பரம சுகம்.

குளிர்காலம் முடிந்து நிஜ மின்சார அளவுகள் வந்தன. பதிமூன்று வீடுகள் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தன. அக்கா தனியாக இருக்கும் ஏழாம் எண் வீடு மட்டும் கணக்கைப் போல இரண்டு மடங்கு. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் எதிர்வரிசை வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை கிடையாது என்றார் மேலதிகாரி.

மனசு குறுகுறுக்க, ஓடிப்போய் ஓட்டையை அடைத்தான். கணினியிலும் அடைத்துப் பார்த்தான். ஒரு துளிதான் குறைந்தது. குற்றவாளியாகக்கூட நாம் லாயக்கில்லையே என்று கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. படுக்கையறைக் கருவி காட்டிய வெப்பக் கோடோ தினமும் படுக்கும் நேரத்தில் சரிந்து, விடிந்ததும் எழுந்தது.

மறுநாள் அக்காவின் சமையலறையில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா, ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கிறியா?"

"மனுஷிக்குக் காத்து வேணாமா?"

"அதுக்குத்தான் காத்து மாத்துற மெஷின் வச்சிருக்கே."

"மெஷின் காத்து மெஷின் மாதிரிதான் இருக்கு. டீ ஆறுது, குடி."

"விளையாடாத. எதிர்ல அத்தனை பேரு நடுங்குறாங்க."

"சுவத்துல ஓட்டை போட்டவன் பேசுறான் பாரு."

தம்பி டீயைக் குடித்தான். அக்கா எதிரே வந்து அமர்ந்தாள்.

"பக்கத்து வீட்டு டிரைவர் குறட்டை விடுவாருடா. இருபது வருஷமா சுவத்தைத் தட்டித் திட்டியிருக்கேன். நீங்க சுவரைத் தடிமனாக்கினீங்க, ஒண்ணுமே கேக்கல. அது கேக்கலைன்னா உலகத்துல நான் ஒருத்திதான் மிச்சம்னு தோணுது. ஜன்னலைத் திறந்தா லேசாக் கேக்குது, அதான் திறக்கிறேன். போதுமா?"