நிறை ஐந்து, குறை ஒன்று

அக்காவின் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. எந்த இணையப் பக்கத்தைப் புதுப்பித்தாலும், அதை வழக்கமாகப் படிக்கிற வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்து, அதன் நிறைகுறைகளைத் தன் கையாலேயே தாளில் எழுதித் தர வேண்டும். கணினியில் அடித்துக் கொடுத்தால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒட்டிவிடுகிறார் என்பது மேலாளரின் கண்டுபிடிப்பு. அவரை அங்கே எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சதவீதம் என்றுதான் சொன்னார்கள். காபி எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட எழுபது சதவீதம் என்பாராம்.

அன்றைக்கு வெளியாள் நான்.

"தங்கச்சியா இருந்தா இன்னும் நல்லது, கூச்சமில்லாம குறை சொல்வாங்க" என்று சொல்லி, எனக்கு ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்துக் கூட்ட அறையில் உட்கார வைத்துவிட்டுப் போனார் சதவீதம். மூன்று மணிக்கு மதிப்பீடு. அக்கா அங்கே சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இந்த ஒரு வேலை தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு. காலையிலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் மேசையில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

மதிப்பிட வேண்டியது, அக்கா புதிதாக அமைத்திருந்த எங்கள் மாமாவின் வலைப்பூ. மாமா, அம்மாவின் தம்பி, ஊருக்கு மேலே ஆற்று மதகில் வேலை பார்க்கிறார். தண்ணீருக்குள் நிற்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து, எத்தனை மீட்டர் என்று ஒரு நாளைக்குப் பல முறை வலைப்பூவில் போடுவார். தேதி, நேரம், எண். அப்புறம் ஒரே ஒரு சொல்: ஏறுகிறது, நிற்கிறது, அல்லது இறங்குகிறது. பதினோரு வருடமாக இதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் செலவழித்தது ஒரே ஒரு தடவைதான். பழைய பக்கம் சாம்பல் நிறப் பின்னணி, எறும்பு போன்ற எழுத்து. பார்க்கச் சகிக்காது. ஆனால் ஆற்றோரத் தெருவின் அறுபது வீடுகளும் அதை வைத்துத்தான் தூங்கின, எழுந்தன. எட்டரை மீட்டரைத் தொட்டால் தடுப்புச் சுவரைத் தாண்டித் தண்ணீர் தெருவுக்குள் வரும். எங்கள் தெருக் குழந்தைகள் எண்ணக் கற்றுக்கொள்ளும்போது எட்டுக்கு அப்புறம் எட்டரை சொல்லிவிட்டுத்தான் ஒன்பதுக்குப் போகும்.

தெரு பள்ளத்தில் இருக்கிறது. நாற்பத்தோரு படி இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் கைபேசியில் சிக்னல் கிடைக்காது. அதனால் வீட்டுக்குப் போகிற யாரானாலும் படிக்கட்டின் தலையில் ஒரு நிமிடம் நின்று, வலைப்பூவைத் திறந்து, எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார்கள். கோடையில், ஆறு கணுக்கால் அளவு ஓடும்போதும் அப்படித்தான். அம்மா காய்கறிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பார்ப்பாள்.

அன்றைக்கு இரண்டாம் நாள் மழை. தெருக்காரர்கள் விடியற்காலையே மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள், அம்மாவும் சேர்த்து. புதுப் பக்கத்தை அன்று மதியமே திறந்துவிட வேண்டும் என்றது சதவீதம்தான். மழை நாளில்தான் கூட்டம் வரும், கூட்டத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் வண்டி எப்படி என்று தெரியும் என்றாராம். மாமாவிடம் அக்கா போன வாரமே சம்மதம் வாங்கியிருந்தாள். நம்பர் தெரிந்தால் போதும், மற்றது உன் பாடு என்று அவர் சொல்லியிருந்தார்.

நான் எழுத ஆரம்பித்தேன். நிறை ஒன்று: எழுத்து பெரிதாக, கண்ணுக்கு இதமாக இருக்கிறது. இரண்டு: ஈரக்கல் நிறம், ஆற்றுக்குப் பொருத்தம். மூன்று: பக்கம் தன்னுடைய பிரதி ஒன்றைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்வதால் தொட்டவுடன் திறக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அது புதிதாக எழுத்துகளை எடுத்துவரும் என்று அக்கா சொல்லியிருந்தாள். நான்காவதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அக்கா எல்லாப் பதிவுகளிலிருந்தும் தேதியை எடுத்துவிட்டு, அதிகம் படிக்கப்பட்ட பதிவை முதலில் வைத்திருந்தாள். அது மாமா கூடுதல் வார்த்தை செலவழித்த அந்த ஒரே பதிவு: மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தின் கடைசி நாள். பகிராதவர்கள் கிடையாது. 'தண்ணீர் வடிந்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்குத் திரும்பலாம்.' நான் எழுதினேன்: 'தேதி இல்லாததால் பக்கம் அமைதியாக இருக்கிறது. முதல் வரி, எங்கோ தூர தேசத்து நாவலின் முதல் வரி போல நம்மை உள்ளே கூப்பிடுகிறது.'

ஐந்தாவதாக ஏதோ எழுதினேன். குறை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. மேலே இருக்கும் ஆற்றின் படம் கைபேசித் திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது; விரலால் தள்ளிவிட்டால்தான் எழுத்தே வருகிறது. வீண் இடம்.

அம்மா அழைத்தபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. பின்னால் ஒரே இரைச்சல், பெஞ்சுகள் இழுபடும் சத்தம். சாப்பிட்டாயா, அக்கா சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"உங்க மாமன் வடிஞ்சிடுச்சுன்னு போட்டுட்டான். நாங்கல்லாம் கெளம்பிட்டோம். அக்காகிட்ட சொல்லு, புதுப் பக்கம் பளிச்சுனு இருக்குன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க."

எனக்கு அது உடனே உறைக்கவில்லை. சரிம்மா என்றுகூடச் சொல்லிவிட்டேன். சார்ஜ் குறைவாக இருக்கிறது, படிக்கட்டில்தான் இனி ஆன் பண்ணுவேன் என்று அவள் வைத்த பிறகு, என் கண் தாளில் நான்காவது வரிக்குப் போனது. அது பழைய பதிவு என்பது எனக்கும் அக்காவுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான், மற்றவர்கள் அதை இன்றையதென்று படிப்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அக்காவிடம் இரண்டு வாக்கியம்தான் சொன்னேன். அவள் உடனே பதிவுகளின் பட்டியலைத் திறந்தாள். மாமா எப்போதும்போலத் தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசிப் பதிவு இரண்டு நாற்பதுக்கு. 8.40. ஏறுகிறது. அது புதுப் பக்கத்தின் அடியில், எட்டாவது கட்டத்தில், சின்ன எழுத்தில் கிடந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து படிக்கட்டுக்கு மூட்டை முடிச்சுகளோடு நடந்தால் இருபது நிமிடம். அம்மாவின் கைபேசி அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரரின் எண் மழைநாள் நெரிசலில் சிக்கிக் கிடைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. மாமா மதகின் மேல் நிற்கிறார் என்றால் அவருடைய கைபேசி அறைக்குள் ஆணியில் தொங்கும். அவசர உதவி எண்ணில் ஒரு பெண் விவரம் வாங்கிக்கொண்டு, படகு கிளம்ப நாற்பது நிமிடமாகும் என்றாள்.

சதவீதம் வந்தார். கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், என்ன இது என்றார். அக்கா சொன்னாள். அவர் சுவரிலிருந்த பெரிய திரையைக் காட்டினார். அதில் புதுப் பக்கமும், அதன் மூலையில் 'இப்போது பக்கத்தில் இருப்பவர்கள்' என்று ஓர் எண்ணும் ஓடும். இரண்டரை மணிக்கு முந்நூறைத் தொட்டதாம், அந்த வலைப்பூவின் சரித்திரத்திலேயே இல்லாத அளவு. இப்போது அது பூஜ்யத்தைக் காட்டியது. எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

"பழைய பக்கத்துக்கே மாத்திடறேன் சார்" என்றாள் அக்கா.

"மாத்துங்க. மாத்தினா மதிப்பீடு என்னாகும்னு யோசிச்சுக்கங்க" என்றார் அவர். மிரட்டுகிற குரல் இல்லை அது. அவருக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியவில்லை.

அக்காவின் கை விசைப்பலகை மேல் நின்றது. அவள் வேலையை நினைத்துத் தயங்குகிறாள் என்று நினைத்து, நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மாத்தி என்னடி ஆகப் போகுது?" என்றாள். "அவங்க போன்ல பிரதி இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு அதேதான் காட்டும். நான்தானே அப்படிப் பண்ணி வச்சேன்."

மூன்று மணி ஒரு நிமிடம். கூட்டத்துக்கு வந்தவர்கள் கதவருகே நின்று பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். படிக்கட்டின் தலையில் அம்மா பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தொட்டவுடன் திறக்கும், பெரிய எழுத்தில், ஈரக்கல் நிறத்தில். கையிலிருந்த தாளை ஏதாவது கிடைக்காதா என்பதுபோல மேலிருந்து கீழே படித்தேன். கடைசி வரியில் நின்றேன்.

படமும் பிரதியில் இருக்குமா என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். படத்தை மட்டும் அவள் தினம் மாற்றலாம் என்று வெளியே வைத்திருந்தாள். யார் எப்போது திறந்தாலும் அது மட்டும் புதிதாக இறங்கி வரும்.

"எழுது" என்றாள். "கையால எழுது. எழுத்துரு தேட நேரமில்ல."

தாளைத் திருப்பி மேசையில் போட்டேன். சதவீதம் பலகைக்கு வைத்திருந்த தடித்த கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன். அவசரத்தில் எட்டு சரிந்து விழுந்தது. '8.40. ஏறுது. யாரும் இறங்காதீங்க. கீழே இருப்பது பழசு.' அக்கா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி மேலே அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். கைபேசியில் படம் எடுத்தாள். முதல் படம் மங்கலாக வந்தது. இரண்டாவது எடுத்து ஏற்றினாள். ஆறு காணாமல் போய், சுவர்த் திரை முழுக்க என் எழுத்து நின்றது.

மணி மூன்று ஐந்து. அப்புறம் செய்வதற்கு எதுவும் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூஜ்யம். மூன்று ஒன்பதுக்கும் பூஜ்யம். யாரோ ஒருவர் தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது. மூன்று பதினொன்றுக்கு ஒன்று என்று காட்டியது. பிறகு நான்கு. பதினாறு. முப்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. படிக்கட்டின் தலைக்கு வந்துவிட்டார்கள்.

சதவீதம் தன்னை மறந்து எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு. நிறுத்திவிட்டார்.

எண் குறைய ஆரம்பித்தது. கீழே இறங்கினால் சிக்னல் போகும், எண் குறையும். கைபேசியை அணைத்துப் பையில் போட்டாலும் குறையும். இரண்டுக்கும் திரையில் வித்தியாசம் இல்லை. நாற்பது. இருபத்தொன்பது. அக்கா என் கையைப் பிடித்தாள். பதின்மூன்று. ஆறு.

என் கைபேசி அடித்தது. அம்மா.

"எழுத்து உன்னோடதுதானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"கோழி கிண்டின மாதிரி இருந்துச்சு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. தையல்காரர் இருபது படி இறங்கிட்டார். கத்தி மேல ஏத்தினோம். ஒரே நாள்ல ரெண்டு பேச்சு பேசறானா உன் தம்பின்னு இங்க என்னைப் பிடிச்சுத் திட்டறாங்க. யாரு பண்ணின வேலைடி இது?"

நான் அக்காவைப் பார்த்தேன். பிறகு நாங்க ரெண்டு பேரும்தாம்மா என்றேன். அங்கிருந்து தெரு தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரு தெரியுது" என்றாள். "சுவர் தெரியல. தண்ணி அதுக்கு மேல ஓடுது."

சார்ஜ் தீர்ந்து இணைப்பு போனது. நான் சொன்னதைக் கேட்டு அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள், அதுவும் ஒரு நிமிடம்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து மேசைக்குப் போய்ப் பழைய பக்கத்தைத் தேட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கைபேசிகள் பிரதியைப் புதுப்பிக்கும்போது அதுவாவது சரியாக இருக்கட்டும் என்றாள்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். சதவீதம் மேசையிலிருந்த தாளை எடுத்தார். தடித்த பேனாவின் மை ஊறி மறுபக்கம் வந்திருந்தது. என் ஐந்து நிறைகளின் மேலேயே 8.40 இடவலம் மாறிக் கிடந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நிறைகளைப் படித்தார், கடைசி வரியையும் படித்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டி, இதைத் திருத்தி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நான் எந்தப் பேனாவால் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

நான்காவது வரியைத்தான் முதலில் கோடு போட்டு அடித்தேன்.

சுவர்த் திரை ஒருமுறை வெளுத்துச் சாம்பல் நிறமானது. எறும்பு எழுத்து. மேலே தேதி, நேரம் மூன்று முப்பது. அதன் பக்கத்தில் மாமா சற்றுமுன் போட்டது: 8.55. ஏறுகிறது.

"புதுசுல இருந்த பெரிய எழுத்தை மட்டும் இதுல வச்சுக்கலாமா சார்?" என்று அக்கா திரும்பாமலே கேட்டாள்.

சதவீதம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை சதவீதம் என்று அவர் சொல்லவில்லை.