வேலி தாண்டிய பெரணி

முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகுதான் ஆம்ப்ரோஸ் மாடுகளை விற்றார். பண்ணையும் கைமாறியது. வெர்மான்ட் மலையடிவாரத்து ஊரில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தபோது, பழைய மேய்ச்சல் நிலத்து ஓரத்திலிருந்து ஒரு கொத்துப் பெரணியை மண்ணோடு பெயர்த்து வந்து வேலியோரம் நட்டார். இலையை உரசினால் அறுத்துக் காயப்போட்ட புல்லின் வாசனை வரும். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீடு. காலையில் எழுந்து அதை உரசி முகர்ந்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

மூன்றாவது கோடையில் பக்கத்து வீட்டு வெர்னா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்ன ஆம்ப்ரோஸ், உங்க பெரணி என் லில்லிப் பாத்தியில குடித்தனமே வச்சிடுச்சு! அத்தனை மாட்டை மேய்ச்ச மனுஷனுக்கு ஒரு செடியை அடக்கி வைக்கத் தெரியலையா?"

"கயித்துக்கு அடங்குற ஜாதி இல்லைங்க அது. இருங்க, வந்து பிடுங்கித் தரேன்."

மண்ணுக்கடியில் வேர் கறுப்புக் கயிறாக ஓடியிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து தோண்ட, வெர்னா படியில் உட்கார்ந்து, செத்துப்போன புருஷனின் குறட்டையிலிருந்து சர்ச் விருந்தில் கருகிய பீன்ஸ் வரைக்கும் வாய் ஓயாமல் பேசினாள். பிறகு காப்பியும் மேப்பிள் பாகு தடவிய டோனட்டும் வந்தன. சிரித்துச் சிரித்து அவருக்கு விலா வலித்தது. கிளம்பும் முன், விரல் நீள வேர் ஒன்றை வேண்டுமென்றே மண்ணுக்குள் தள்ளி மூடினார்.

அடுத்த கோடையிலும் அவள் கூப்பிட்டாள்.

"மறுபடியும் முளைச்சிருக்கு! என்னத்தப் பிடுங்குனீங்க?"

"வயசாச்சுல்ல, கண்ணு சரியாத் தெரியல."

"டோனட்டு மட்டும் நல்லாத் தெரியுதாக்கும்!"

அந்தக் குளிர்காலத்தில் வெர்னா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். மகள் வந்து ஒஹாயோவுக்குக் கூட்டிப்போனாள். ஆம்ப்ரோஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் கார் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

வசந்தத்தில் அந்த வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரணி சுருள் விரித்ததும், அவர் மண்வெட்டியோடு போய்க் கதவைத் தட்டினார்.

"என் செடி உங்க பக்கம் வந்துடுச்சும்மா. பிடுங்கிடட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார். பச்சைப்பசேல்னு எவ்வளவு அழகா இருக்கு!"

"விட்டா பாத்தி முழுக்கப் பரவிடும்..."

"பரவட்டும் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

நல்ல பெண். சிரித்துக்கொண்டேதான் கதவைச் சாத்தினாள். ஆம்ப்ரோஸ் படியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மண் படாத மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அந்தக் கோடையில் லில்லி ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. வேலிக்கு இருபுறமும் பெரணிதான். ஏன் என்று கேட்க ஆளில்லை.