கிழக்குச் சரிவு

கூரையில் பிளைவுட் அடிக்கும்போது, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆணித் தடிமனுக்கு இடைவெளி விட வேண்டும். ஈரம் பட்டால் மரம் ஊதும். ஊத இடமில்லையென்றால் முதுகைத் தூக்கிக்கொள்ளும். இரண்டு கைமரங்களுக்கு நடுவே தாங்கலில்லாமல் நிற்கும் விளிம்புகளை ஓர் இரும்புக் கிளிப்பால் கோத்துவிட வேண்டும். இதெல்லாம் கழுதைக்குக்கூடப் புரியும். எனக்கும் புரிந்துதான் இருந்தது.

நானும் ரெய்னோ மத்திலாவும் பதினொரு வருஷமாக ஒரே கூரையில் வேலை பார்த்தவர்கள். எந்த வீடானாலும் கிழக்குச் சரிவு அவனுக்கு, மேற்கு எனக்கு. முதலாளி லைலுக்கு அது மனப்பாடம். போன அக்டோபரில், ஏரிக்கரை வீட்டில் மட்டும் மாற்றிக்கொண்டோம். அங்கே கிழக்குச் சரிவு செங்குத்து. ரெய்னோவின் முட்டி பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது.

"லைல் கிட்ட மூச்சு விடாத, எர்ல்," என்றான். "முட்டி போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். ஐலாவோட டயாலிசிஸ் என் வேலைல வர்ற இன்சூரன்ஸ்லதான் ஓடுது." ஐலா அவன் மனைவி.

"நான் ஏன்டா சொல்லப் போறேன்? ஏறு."

மதியத்துக்கு மேல் ஏரிப் பக்கம் கறுத்தது. என் பையில் கிளிப் தீர்ந்துவிட்டது. இறங்கி ஏற இருபது நிமிஷம் ஆகும். ஆணி வைத்து அளந்துகொண்டிருக்கவும் பொறுமையில்லை. மேல் நான்கு வரிசையையும் கிளிப் இல்லாமல், விளிம்போடு விளிம்பு ஒட்டி அடித்தேன். மழைக்கு முன் முடித்த கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மழை ஒரு வாரம் பெய்தது.

நவம்பர் முதல் பனி உருகியபோது, தார் ஓட்டுக்கு அடியில் வரிவரியாக மேடு தெரிந்தது. மாட்டு விலா எலும்பை எண்ணுவது போல் தெருவில் நின்றே எண்ணலாம். வீட்டுக்காரர் கத்தினார். லைல் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய் நிமிர்ந்து பார்த்தான்.

"கிழக்குச் சரிவு," என்றான். "உனக்கு என்ன கண்ணு தெரியலையா, ரெய்னோ?"

ரெய்னோ திரும்பினான். என்னைப் பார்த்தான். 'அன்னைக்கு மாத்திக்கிட்டோம்' என்று நான் சொல்லியிருக்கலாம். முட்டிப் பேச்சை எடுத்திருக்கவே வேண்டாம். என் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயம்தான். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

"சாயங்காலம் உன் சாமானை எடுத்துட்டுப் போயிடு," என்றான் லைல். பிறகு என் தோளைத் தட்டினான். "உன் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு, எர்ல். இனிமே நீதான் மேஸ்திரி."

"சரிங்க," என்றேன். அதற்கு மட்டும் நாக்கு எழுந்தது.

ரெய்னோ தன் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீயே சொல்லிருக்கலாமேடா."

"நான் சொன்னா கோள் மூட்டுறான்னுதான் நினைப்பான். நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"முட்டி விஷயம் வெளிய வந்துடுமோன்னு..."

அவன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். "அப்படியே இருக்கட்டும். ஐலா கிட்டயும் அதையேதான் சொல்லப் போறேன். கூட வேலை செஞ்சவன் இப்படிப்பட்டவன்னு தெரிஞ்சிட்டு அவ படுத்திருக்க வேணாம்."

கிறிஸ்துமஸுக்கு ஐலாவிடமிருந்து ஏலக்காய் ரொட்டி வந்தது. கூடவே ஒரு கார்டு. எழுத்து நடுங்கியிருந்தது. 'ரெய்னோவோட முட்டியைக் காட்டிக் கொடுக்காம இருந்ததுக்கு நன்றி, எர்ல். உன்ன மாதிரி சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்.'

என் மனைவி அதைச் சத்தமாக வாசித்தாள். பெருமையோடு எனக்குப் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் தின்றேன்.