இரண்டாம் அங்கத்தில் இல்லாத கணவர்

பாடகியின் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போனார். அவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவர் காலி நாற்காலியில் கிடந்த வெள்ளைத் துணியை உதறி மடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஐந்து தெரு தள்ளி இருந்த அரங்கில், ஊரே முணுமுணுத்த பாட்டுகளைப் பாடிய அந்தப் பாடகியின் வாழ்க்கையை இசை நாடகமாக்கிக்கொண்டிருந்தவர்கள், அதே நிமிடத்தில்தான் கணவரின் பாத்திரத்தை நீக்கினார்கள். நாடகத்தில் இருபது நிமிடம் குறைக்க வேண்டியிருந்தது. அவர் வரும் காட்சிகளைக் கூட்டினால் சரியாக இருபது நிமிடம். அவர் செய்த ஒன்றிரண்டு நல்ல காரியங்களையும் பாடகிக்குப் பக்கவாத்தியம் வாசித்த வயலின்காரர் செய்ததாக மாற்றிவிட்டார்கள். வயலின்காரர் லட்சணமானவர், அதோடு இறந்துபோனவர், ஆட்சேபிக்க மாட்டார்.

தப்பு கணவருடையதுதான். பாடகி இறந்த மறுவருடம் நாடகாசிரியர் கணவரின் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். எந்தக் கச்சேரியில் மின்சாரம் போனது, எந்த மேடையில் பாதிப் பாட்டில் அவளுக்குத் தும்மல் வந்தது என்று கணவர் ஒன்றுவிடாமல் சொன்னார். "அப்ப நீங்க என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?" என்று கேட்டபோதெல்லாம், "நான் என்ன, பக்கத்துல இருந்தேன்" என்று பேச்சை மாற்றினார். அடக்கம் நல்ல குணம்தான், ஆனால் அதை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது.

உடம்பு மறைந்தாலும் குரல் மிஞ்சியது. பேருந்தில் ஆட்கள் அவர் மடியில் உட்கார்ந்துவிட்டு, சீட்டு சூடாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கிப்போனார்கள். மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, "அப்பா, கேமராவை உங்க பக்கம் திருப்புங்க, சுவருதான் தெரியுது" என்றாள். திருப்பித்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவளுடைய அழைப்புகள் வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாயின. மனைவி போனபோதுகூட வீடு இவ்வளவு காலியாக இல்லை. அப்போது கண்ணாடியிலாவது ஒருவர் இருந்தார்.

தனிமை தாங்காமல் நாடகாசிரியரிடம் போனார். குரல் வந்த காலி நாற்காலியைப் பார்த்து நாடகாசிரியர் எழுந்து நின்றார். நாடகக்காரர்களுக்கு இல்லாத ஆளோடு பேசிப் பழக்கம்.

"உங்களைத் திரும்பச் சேர்க்கலாங்க. ஆனா ஒரு சண்டையாவது வேணும். அவங்க உங்களை மட்டம் தட்டினாங்க, துரத்தினாங்க, ஏதாவது. அடுத்த வாரம் முதல் காட்சி. அதுக்கப்புறம் ஒரு வரியைக்கூடத் தொட முடியாது."

கணவர் மூன்று நாள் மூளையைக் கசக்கினார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு சண்டையும் அகப்படவில்லை. நான்காம் நாள் ஒன்றை இட்டுக்கட்டினார்: பாராட்டு விழாவில் மனைவி அவரைத் தன் டிரைவர் என்று அறிமுகப்படுத்தினாள், அவர் வீட்டைவிட்டுப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பினார். அருமையான பொய், இடைவேளைக்கு முன்னால் வைத்தால் அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

அதைச் சொல்லப் போன அன்று ஒத்திகை நடந்துகொண்டிருந்ததால் பக்கத்திரைக்குப் பின்னால் காத்து நின்றார். பாடகியாக நடித்தவள் நீண்ட பாட்டொன்றை முடித்துவிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள். பார்வை மேடையிலேயே இருக்க, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். மனைவியும் அப்படித்தான் நீட்டுவாள். இது பிரதியில் இல்லை, கணவரும் யாரிடமும் சொன்னதில்லை. மேஜைமேல் பிளாஸ்க் இருந்தது. அவர் மூடியில் வெந்நீர் ஊற்றி, ஊதி ஆற்றி, அந்தக் கையில் வைத்தார். நடிகை திரும்பிப் பார்க்காமல் குடித்துவிட்டு மூடியைப் பின்னால் நீட்டினாள். முப்பத்தோரு வருடம் மனைவியும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒத்திகை முடிந்ததும் நாடகாசிரியர், "சண்டை ஏதாவது ஞாபகம் வந்துதா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லைங்க. நாங்க சண்டையே போட்டதில்லை" என்றார் கணவர். முதல் காட்சியன்று அவர் குரலும் போயிற்று.

நாடகம் ஒன்பது வருடம் ஓடியது. பாடகியாக நடிக்க மூன்றாவதாக வந்த நடிகை முதல் நாள், அந்தரத்தில் நின்ற மூடியைப் பார்த்துத் தயங்கி, திரை இழுப்பவரிடம் யார் என்று கேட்டாள்.

"அவங்க வீட்டுக்காரர். வாங்கிக் குடிம்மா, சூடு சரியா இருக்கும்."

அவள் வாங்கிக் குடித்துவிட்டு மேடைக்குப் போனாள்.