ஸ்டாண்டு எடுத்த சைக்கிள்

முச்சந்தியில் சைக்கிள் கடை வைத்திருப்பவரைத் தெருவே 'சக்கரம்' என்றுதான் கூப்பிடும். தொழிலால் வந்த பெயர் இல்லை, வாயால் வந்தது. எதைக் கேட்டாலும், "எல்லாம் ஒரு சக்கரம்ப்பா, சுத்தி வரும்" என்பார். வெயிலுக்கும் அதே பதில்தான். ஒருநாள் ரேடியோவில் ஒரு நிபுணர், "பூமிக்கு இயற்கையாகவே சுழற்சிகள் உண்டு, சில வருஷம் சூடு கூடும், சில வருஷம் குறையும்" என்றார். "ஆனால்..." என்று அவர் இழுத்த நேரம் பார்த்து இவர் காற்றடிக்கும் மெஷினைப் போட்டுவிட்டார். மிச்சத்தை மெஷின்தான் கேட்டது. கேட்ட பாதியை வைத்துக்கொண்டு மனுஷன் கோடை முழுக்கப் பிரசங்கம் செய்தார்.

காது புளித்துப்போனது மனைவிக்கு. கடையின் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, வளைந்த ரிம்முக்குக் கோட்டம் எடுப்பது அவள் வேலை. போன கோடையில் கையில் ரிம்மோடு மயங்கி விழுந்தவள். எதிர்ச் சந்துக்குள் தையல்காரர் இருந்த அறை காலியாக இருக்கிறது, கான்கிரீட் கூரை, அங்கே போய்விடலாம் என்று அன்றிலிருந்து நச்சரித்தாள். "சூடு இறங்கிடும், பொறுத்துக்கோ" என்று இவர் நாளைக் கடத்தினார். முச்சந்தியை விட மனசில்லை, அவ்வளவுதான்.

அன்று உச்சி வெயிலில், வாசலில் நின்ற தபால்காரரின் சைக்கிள் டயர் யாரும் தொடாமலே டமாரென்று வெடித்தது.

"ரிப்பேர் கடைக்கு வந்து ரிப்பேரான வண்டி என்னோடதுதான்யா" என்றார் தபால்காரர்.

"பழைய டியூப் சார். வெயில் ஏறும், இறங்கும். எல்லாம் ஒரு..."

"இருங்க" என்றாள் மனைவி. ஸ்டாண்டு போட்டிருந்த ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். "வால்வு மேல போகுது, கீழ வருது. சரியா?"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"ஸ்டாண்டை எடுத்துட்டு ரோட்டுல மிதிங்க. அப்பவும் வால்வு மேல கீழதான் போகும். வண்டி எங்க இருக்கும்?"

"அடுத்த தெருவுல" என்று முந்திக்கொண்டார் தபால்காரர்.

"அதான். சூடு இறங்கும்தான். ஆனா பழைய இடத்துக்கு இறங்காது. மிதிக்கிறது நாமளாச்சே!" புகை கக்கிக்கொண்டு போன லாரியைக் கையால் காட்டினாள்.

"வந்துட்டா பெரிய விஞ்ஞானி!" என்று சிரித்தார் சக்கரம்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் தூணைப் பிடித்தபடியே சரிந்தாள். ஸ்பேனரை வீசிவிட்டு ஓடினார். தபால்காரர் தண்ணீர் தெளிக்க, இவர் அட்டையால் விசிறினார். அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் பதறுறீங்க? போன வருஷமும் விழுந்தேன், எந்திரிச்சேன். இதுவும் ஒரு சக்கரம்தானே?"

"வாயை மூடு. உயிரே போயிடுச்சுடி எனக்கு" என்றவருக்கு அழுகையே வந்துவிட்டது. 

அன்று சாயங்காலமே எதிர் அறைக்குச் சாமான்களைத் தூக்கினார். முச்சந்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு ஜன்னலோரமாக இடம் ஒதுக்கி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்தார். உள்ளே கொஞ்சம் குளுமையாகத்தான் இருந்தது.

"நல்லாருக்கா?"

"இப்போதைக்கு நல்லாருக்கு."

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, அடுத்த வருஷம் இதுவும் கொதிச்சா எங்க போறது?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனுஷன் முதல் தடவையாக அவளிடம் கேட்டார். கிண்டலாக ஏதாவது சொல்லுவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெயில் இறங்கியும் லேசான சூடு அதில் மிச்சமிருந்தது.