டிரில் இருந்தா போன் வரும்

எனக்குக் கோவம் மூக்கு நுனியில, அதை நானே ஒத்துக்கறேன். ஆனா வேலையில என்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பல்கலைக்கழகத்துல வேதியியல் கட்டிடத்தோட வரவேற்பு மேசையும் நான்தான், பாதுகாப்புப் பொறுப்பாளரும் நான்தான். மூணு மாசத்துக்கு ஒருதடவை தீ டிரில். சைரன் அடிச்சா எல்லா மாடியும் காலியாகி, கட்டிடத்துக்குப் பின்னாடி புல்வெளியில வந்து நிக்கணும். நான் லிஸ்டைப் பார்த்து டிக் பண்ணணும்.

முதல் தடவை சொல்லாம கொள்ளாம சைரன் அடிச்சதுக்கு ஆளாளுக்கு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. ஒருத்தருக்குச் சோதனை பாதியில கெட்டுப்போச்சாம். இன்னொருத்தருக்கு டீ ஆறிப்போச்சாம், அதுக்கும் நான்தான் பொறுப்பாம்! சரிதான் போங்கடான்னு நானே ஒரு வழி பண்ணினேன். டிரிலுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி பதினாலு அறைக்கும் போன். "சார், பத்து மணிக்கு சைரன். பையை எடுத்துக்கிட்டு மெதுவா இறங்குங்க." அப்புறம் பாக்கணுமே, மூணே நிமிஷத்துல கட்டிடம் காலி. மேலிடத்துலேருந்து பாராட்டுக் கடிதம் வந்துச்சு. மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்கேன்.

அதுல மண்ணை அள்ளிப் போட்டவ என் தங்கச்சி. மூணாவது மாடி ஆய்வகத்துல வேலை பாக்கறா. பாதுகாப்புக் கூட்டத்துல இருபது பேர் நடுவுல எழுந்து, "அக்கா முன்னாடியே எல்லாருக்கும் போன் பண்ணிடறாங்க. அப்புறம் அது என்ன டிரில்?"னு கேட்டுட்டா. எனக்கு முகமே செத்துப்போச்சு. வீட்டுல வந்து என் காதுல சொன்னா ஆகாதா? அன்னிலேருந்து அவகூடப் பேச்சை நிறுத்தினேன். போன் லிஸ்ட்ல அவ அறை நம்பரை ஒரே கோடா அடிச்சுட்டேன். ரூல்ஸ் தெரிஞ்ச மகராசிக்கு எதுக்குப் போன்? அப்புறம் நடந்த ரெண்டு டிரிலுக்கும் பதிமூணு அறைக்குத்தான் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சைரன் அடிச்சுது. நான் யாருக்கும் போன் பண்ணலையே, எப்படி அடிக்குதுன்னு ஒரு நிமிஷம் முழிச்சேன். சுவத்துல இருக்கற அலாரம் பலகையில ரெண்டாவது மாடி சாமான் அறைக்கு நேரா சிவப்பு விளக்கு. படிக்கட்டுல கருகல் வாசனை. தீயணைப்புக்குச் சொல்லிட்டு அண்ணாந்து பார்த்தேன். மேலேருந்து ஒரு செருப்புச் சத்தம்கூட வரல.

மூணாவது மாடிப் பேராசிரியருக்குப் போட்டேன். எப்பவும் வாட்சைப் பார்த்து, லேட்டுன்னு எங்களைக் குத்திக் காட்டுற மனுஷன், நாங்க கடிகாரம்னு பேர் வச்சிருக்கோம். "சார், தீ! இறங்குங்க!"

சிரிச்சாரு. "நீங்க போன் பண்ணலையேம்மா. சும்மா சைரனை டெஸ்ட் பண்றாங்க போல."

தீன்னு கத்தினா இந்த ஆளு நம்பப் போறதில்ல. ஆனா இவங்களை எனக்குத் தெரியும். குரலை எப்பவும் போல மாத்திக்கிட்டேன். "மன்னிச்சுக்குங்க சார், டிரில்தான். சொல்ல மறந்துட்டேன். உடனே வந்தாத்தான் பேர் எடுப்பேன்."

"அப்படிச் சொல்லுங்க"ன்னு வச்சாரு. பதிமூணு அறைக்கும் அதையே சொன்னேன். கீழ் மாடிக்காரங்க முணுமுணுத்துக்கிட்டே, கையில பையோட, முன்படியில வரிசையா இறங்க ஆரம்பிச்சாங்க.

பதினாலாவதா அந்தக் கோடு போட்ட நம்பர். அடிச்சுது, அடிச்சுது, எடுக்கவே இல்ல. திரும்பப் போட்டேன். எடுடி, கோவத்தை அப்புறம் வச்சுக்கலாம், எடுடி! மேல ஓடினேன். பொறுப்பாளர் திரும்ப ஏறக்கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுத்தவ நான். அதுக்குள்ள முன்படி காலி, முதல் மாடி திருப்பத்துலயே புகை கண்ணை மறைச்சுது. மூணாவது மாடிக்காரங்க பின்படியில போறவங்க, யாரையும் கேக்கக்கூட வழியில்ல. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கம்மா முகத்துல எப்படி முழிப்பேன்னு அழுதுக்கிட்டே இறங்கி, பின்பக்கம் ஓடினேன்.

புல்வெளியில 'கூடும் இடம்'னு எழுதின போர்டுக்கு நேர் கீழ கையைக் கட்டிக்கிட்டு நின்னா என் தங்கச்சி. ஒரு பை இல்ல, ஒண்ணும் இல்ல. தோள்ல ஒரு அடி வச்சு, அப்படியே கட்டிக்கிட்டேன்.

"போனை எடுக்க மாட்டியாடி பாவி?"

"எனக்கு யாரு போன் பண்றா? சைரன் அடிச்சுது, இறங்கிட்டேன்."

பின்னாடி தீயணைப்பு வண்டி வந்து நின்னுது. ரெண்டாவது மாடி ஜன்னல்ல கரும்புகை. கடிகாரம் அதைப் பார்த்துட்டு வாட்ச் கட்டின கையைக் கீழ போட்டாரு. லிஸ்டை எண்ணினேன், ஒருத்தர் குறையல.

"உன் மாடியில யாருகிட்டயும் சொல்லலையாடி?"ன்னு கேட்டேன்.

"ஒவ்வொரு கதவா தட்டிட்டுத்தான் வந்தேன். 'டிரில் இருந்தா உங்க அக்கா போன் பண்ணுவாங்களே'ன்னு சிரிச்சாங்க. அப்புறம் எப்படி இறங்கினாங்க?"

"டிரில்னு போன் பண்ணினேன்."

அவ என்னையே பார்த்தா. கூட்டத்துல எழுந்து கேட்ட மாதிரி இன்னொருதடவை கேட்டிருந்தாகூடத் தேவலை.