வெட்டப்பட்ட பட்டை

"வெட்டுன பட்டையத் திரும்ப வைங்க சார். இல்லன்னா என் பேர எடுத்துடுங்க." ஏஞ்சலின் பரசுராமனின் மேசை முன்னால் நின்றாள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே ரம்யா சொல்லிவைத்திருந்தாள்: "ஏஞ்சலினு, இன்னா வேணா கேளு. பரசுராமன் சார் முடிச்ச படத்தத் தொறக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாத." இப்போது ரம்யா அடுத்த மேசையில் தலையைக் குனிந்தபடி காலிக் குழாய்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆய்வகத் தலைவர் பரசுராமன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பட்டைய யாரும்மா கேட்டாங்க?"

"நான் கேக்கறேன் சார்."

விஷயம் சின்னதுதான். பிளாஸ்மிட் என்கிற டி.என்.ஏ. வளையத்தைச் செல்லுக்குள் செலுத்தினால், அதில் எழுதியிருக்கிற புரதத்தைச் செல் செய்துதரும். புரதத்தின் முனையில் ஒரு துண்டைச் சேர்த்தால் செல் அதை வெளியே அனுப்பும். ஆலை வாசலில் காட்டுகிற கேட் பாஸ் மாதிரி. ஒப்பிட்டுப் பார்க்க, பாஸ் இல்லாத பிளாஸ்மிட் ஒன்றையும் ஏஞ்சலின் வைத்திருந்தாள். அதன் புரதம் உள்ளேயே கிடக்க வேண்டும். ஆனால் இரண்டு புரதமும் வெளியே திரவத்தில் மிதந்தன; சோதனைப் படத்தில் இரண்டுக்குமே கருப்புப் பட்டை விழுந்திருந்தது. பாஸ் இல்லாததும் வெளியே வந்துவிட்டதென்றால் சுவரே இடிந்திருக்கிறது. செல்கள் செத்து வெடித்திருந்தன.

பொங்கலுக்கு ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். செல் வளர்க்கிற பெட்டியின் கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, மாற்ற ஆளில்லை. வந்ததும் புதுசு மாட்டி, வாடிப்போன அதே செல்களைக் காட்டி, "பரவால்ல, ஓட்டு" என்றார் பரசுராமன். பிறகு பாஸ் இருக்கிற புரதத்தின் பட்டையை மட்டும் படத்தில் விட்டு மற்றதை வெட்டினார்.

இதை அவள் முதலில் கேட்ட நாளிலிருந்து மதியம் எதிரே உட்கார ஆளில்லை. மற்றவர்கள் டிபன் டப்பாவோடு வராந்தாவுக்குப் போனார்கள். அவள் ஃப்ரிட்ஜின் உறுமலோடு சாப்பிட்டாள்.

"புது செல்லுல மறுபடி செய்யலாம் சார். நானே செய்றேன்."

"கட்டுரை நாளைக்குப் போவணும். மொதப் பேரு உன்னுது. உங்க ஊட்ல இந்த மாதிரி அச்சுல பேரு வந்தவங்க யாராச்சும் கீறாங்களா?"

யாரும் இல்லை. அது அவருக்கும் தெரியும். புதுவாயலில் பேக்கிங் வேலைக்குப் போகிற அம்மா மேரி அந்தப் பேரைப் பற்றிச் சர்ச் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"பேரு என்னுதுன்னா பொய்யும் என்னுதாயிடும் சார்."

"சரி, ரம்யா பேரப் போட்டுக்கறேன்."

ரம்யாவின் கை நின்றது. ஏஞ்சலின் அவளைப் பார்த்தாள். தலை நிமிரவில்லை. கை மறுபடி மூடியைத் திருகத் தொடங்கியது.

"போட்டுக்குங்க. முழுப் படம் என்னாண்ட கீது. நீங்க அனுப்புற பத்திரிகைக்கே நானும் அனுப்புவேன்."

அப்போதுதான் பரசுராமன் திரும்பினார். "மிரட்டுறியா? அப்புறம் எந்த லேப்ல உன்னச் சேத்துக்குவான்?"

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவளுடைய லாக்கர் சாவி காலையிலிருந்தே அவருடைய மேசைமேல் கிடந்தது. அவர்தான் பார்க்கவில்லை. கட்டிவைத்திருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆளில்லாத வராந்தா வழியே நடந்தாள்.